எல்லை தாண்டும் கேக்குக்கு என்ன கணக்கு? – வாசகர் கேள்வி பதில்

வீட்டிலேயே கேக், குக்கீஸ் செய்து விற்பவர்கள் உரிமம், வரி, லேபிள் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேட்கலாம் என்று சென்ற இதழில் ஒரு சிறு அறிவிப்பு போட்டிருந்தோம். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும்தான் அதிகம் வந்திருக்கிறது, அதனால் இந்த முறை பதில் முழுக்க இந்த இரண்டு ஊருக்கும். மற்ற ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பாதிக்கு மேல் உங்களுக்கும் பொருந்தும்.

அக்கா, யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அப்புறம் ஒரு கிளாஸும் போய்விட்டு இப்போது பிறந்தநாள் கேக் ஆர்டர் எடுக்கிறேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான் என் கடை. தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் கொடுக்கிறேன், இதற்கும் உரிமம் வேண்டுமா? ஒருவர் 'எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன், 4,000 ரூபாய் கொடுங்கள்' என்கிறார்.
– ஸ்டேட்டஸ் கடைக்காரி, மஞ்சக்குப்பம்

வேண்டும். தெரிந்தவரா தெரியாதவரா என்று சட்டம் கேட்பதில்லை. உங்கள் அத்தைக்குப் பாசத்தில் ஒரு கேக் செய்து கொடுத்தால் யாரும் வரப்போவதில்லை; ஸ்டேட்டஸில் விலை போட்டு, அட்வான்ஸ் வாங்கி, ஆர்டர் எடுத்தால் அது உணவுத் தொழில்தான். 2006-ஆம் வருடத்து உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தில் லாபம் வருகிறதா இல்லையா என்பதுகூட ஒரு பொருட்டில்லை.

ஆனால் பயப்பட ஒன்றுமில்லை, உங்களுக்குத் தேவை பெரிய லைசென்ஸ் இல்லை, வெறும் பதிவு. 2011-இல் வந்த உரிம விதிகளில், ஆண்டு விற்பனை ஒரு வரம்புக்குள் என்றால் சிறு வியாபாரி என்று வைத்து, பதிவு மட்டும் போதும் என்று விட்டிருக்கிறார்கள்; வெகுகாலம் அந்த வரம்பு 12 லட்சம் ரூபாயாக இருந்தது. அதற்குக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். ஆமாம், நூறுதான். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபாஸ்காஸ் என்ற தளத்தில் உங்கள் போனிலிருந்தே விண்ணப்பிக்கலாம், ஒரு போட்டோ, ஆதார் மாதிரி ஓர் அடையாளச் சான்று இருந்தால் தொடங்கிவிடலாம். விதிகளை அவ்வப்போது திருத்துகிறார்கள், அதனால் கட்டணமும் வரம்பும் விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் என்ன காட்டுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நாளுக்குள் பதிவு எண் தர வேண்டும், அல்லது மறுக்க வேண்டும், அல்லது நேரில் பார்க்க வருகிறோம் என்று சொல்ல வேண்டும் என்பது அந்த விதி. 14 இலக்க எண் வரும். அந்த எண்ணை பில்லில் போட வேண்டும், 2022-லிருந்து அது கட்டாயம்.

சரி, அந்த 4,000 எதற்கு? உத்யம் என்ற சிறுதொழில் பதிவும் சேர்த்து என்று சொல்லியிருப்பார். உத்யம் முழுக்க இலவசம், ஆதார் எண்ணும் பான் எண்ணும் போனுக்கு வரும் ஓ.டி.பி.யும் போதும். அரசுத் தளம் மாதிரியே தோற்றமுள்ள தனியார் தளங்கள் நிறைய இருக்கின்றன, முகவரியின் முடிவில் அரசுத் தளங்களுக்கே உரிய 'கவ் டாட் இன்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லையென்றால் பக்கத்து இ-சேவை மையத்தில் அவர்கள் கூலியைக் கொடுத்துச் செய்துகொள்ளலாம், அதில் தப்பில்லை. 4,000 தான் தப்பு.

இதில் ஒன்றை நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த வரம்பு லாபத்துக்கு இல்லை, விற்பனைக்கு. மைதா, வெண்ணெய், பெட்டி, பெட்ரோல் எல்லாச் செலவும் கழிப்பதற்கு முன்னால் கைக்கு வந்த மொத்தப் பணம். வரம்பைத் தாண்டினால் மாநில லைசென்ஸ், அதன் கட்டணம் ஆயிரங்களில். அதனால் முதல் நாளிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அதிகாரி வந்தால் என்ன பார்ப்பார் என்றும் யோசிப்பீர்கள். உங்கள் டைல்ஸ் நிறத்தை இல்லை. மாவு டப்பாவுக்கு மூடி இருக்கிறதா, முட்டை அட்டையை க்ரீம் அடிக்கும் மேடையிலேயே வைத்திருக்கிறீர்களா, ஃப்ரிட்ஜில் மீன் குழம்புக்குப் பக்கத்தில் விப்பிங் க்ரீம் திறந்து கிடக்கிறதா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குப்பை வாளிக்கு மூடி உண்டா, இவைதான். நம் ஊர்களில் மீன் இல்லாத ஃப்ரிட்ஜ் அபூர்வம், முடிந்தால் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் தனியாக வாங்கிவிடுங்கள். சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் வெனிலா கேக்கில் வஞ்சிர வாசனை வராமல் இருக்கவாவது.

நான் இருப்பது ஆல்பேட்டை. என் ஆர்டரில் பாதி அரியாங்குப்பம், தவளக்குப்பம், புதுச்சேரி டவுனிலிருந்து வருகிறது. என் வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். வருடம் ஆறேழு லட்சம்தான் விற்பனை. ஜி.எஸ்.டி. 40 லட்சத்துக்கு மேல்தானே, எனக்கு எதற்கு என்று இருந்தேன். என் தங்கை 'அக்கா, உனக்கு வேண்டும்' என்று பயமுறுத்துகிறாள்.
– பாலம் தாண்டி விற்பவள், கடலூர்

உங்கள் தங்கை விவரமானவர். நீங்கள் சொன்ன 40 லட்சம் தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்பவர்களுக்கு. புதுச்சேரியில் அதே வரம்பு 20 லட்சம்தான், அங்கே இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இந்த இரண்டுமே உதவாது. மாநில எல்லை தாண்டிப் பொருளை விற்றால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை புதுச்சேரி தனி மாநிலம். மஞ்சக்குப்பத்திலிருந்து நெய்வேலிக்குக் கொடுத்தால் உள்ளூர் விற்பனை. அதில் பாதி தூரம்கூட இல்லாத, புதுச்சேரியைச் சேர்ந்த கன்னியக்கோயிலுக்குக் கொடுத்தால் வெளிமாநில விற்பனை. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லை, நம் கேக்குக்கு வந்து நிற்கிறது.

ஒரு கிலோ பிளாக் ஃபாரஸ்டை ஸ்கூட்டரில் கொண்டுபோகும் ஆளை யாரும் நிறுத்தப்போவதில்லை, உண்மைதான். ஆனால் உங்கள் பணமெல்லாம் ஜிபேயில் வருகிறது, இன்ஸ்டா பேஜில் 'பாண்டி முழுக்க டோர் டெலிவரி' என்று நீங்களே எழுதி வைத்திருப்பீர்கள். யாரும் பார்க்கவில்லை என்று சொல்லவா முடியும்?

உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, புதுச்சேரிக்காரர்கள் உங்கள் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டு போவது. கடைக்கு வந்து கையோடு வாங்கிப்போகும் சாதாரண வாடிக்கையாளருக்கு விற்பது உள்ளூர் விற்பனையாகவே கொள்ளப்படும். கல்யாணக் கேக்குக்கு இது நடக்காது, சின்ன ஆர்டருக்கு நடக்கும். இன்னொன்று, பதிவு செய்துகொள்வது. பாதி வியாபாரம் அந்தப் பக்கம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். முன்பு கேக்குக்கு 18 சதவீதம் வரி, அப்போது கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தயக்கமாக இருந்திருக்கும். 2025 செப்டம்பர் 22-லிருந்து கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட் எல்லாம் 5 சதவீதம்தான். ஆயிரம் ரூபாய் கேக்குக்கு ஐம்பது ரூபாய், விலையில் சேர்த்துவிட்டால் வாடிக்கையாளர் ஓடிவிட மாட்டார். கணக்கர் யாராவது, சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் என்ற எளிய வரித் திட்டத்தில் சேருங்கள், வேலை குறைவு என்பார். அது வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்பவர்களுக்குக் கிடையாது, ஞாபகம் இருக்கட்டும். அப்புறம், ஒருமுறை பதிவு செய்துவிட்டால் விற்பனையே இல்லாத மாதத்துக்கும் கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும். ஆடியில் ஆர்டர் இல்லை என்று சும்மா இருந்தால் அபராதம் மட்டும் தவறாமல் ஏறும்.

எங்கள் பின்கோடு 607-இல் தொடங்குகிறது. அப்படியென்றால் உரிமத்துக்குக் கடலூரிலா விண்ணப்பிக்க வேண்டும்?
– கிருமாம்பாக்கம் வாசகி

இல்லை. தபால்காரர் கணக்கு வேறு, அரசாங்கக் கணக்கு வேறு. கிருமாம்பாக்கம், பாகூர் எல்லாம் புதுச்சேரி யூனியன் பிரதேசம். விண்ணப்பத்தில் மாநிலம் என்ற இடத்தில் புதுச்சேரியைத் தேர்ந்தெடுங்கள், உங்கள் மனு புதுச்சேரி உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போகும். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வீட்டுத் தொழிலுக்கு ஏதாவது அனுமதி வேண்டுமா என்று ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள்.

என் கணவர் புதுச்சேரி அரசு ஊழியர். நான் கேக் தொழில் தொடங்கினால் அவர் வேலைக்கு ஏதாவது ஆகுமா? அவர் பயந்துகொண்டு 'வேண்டாம்' என்கிறார்.
– லாஸ்பேட்டை

ஒன்றும் ஆகாது, சொல்லிவிட்டுச் செய்தால். புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு மத்திய அரசின் 1964-ஆம் வருட நடத்தை விதிகள்தான். அதன் 15-ஆம் விதி, குடும்பத்தில் யாராவது வியாபாரம் செய்தால் ஊழியர் அதைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கவனியுங்கள், தெரிவிக்கத்தான் வேண்டும். 'என் மனைவி இன்ன பெயரில் வீட்டில் கேக் செய்து விற்கிறார், பதிவு எண் இது' என்று நாலு வரி எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிப் பத்திரமாக வைக்கட்டும். பதிவு, வங்கிக் கணக்கு, ஜிபே எல்லாம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, அவர் ஆபீஸில் உங்களுக்கு ஆர்டர் பிடித்துத் தரக் கூடாது. சக ஊழியர் ருசி பார்த்துவிட்டுத் தானாகவே உங்களுக்குப் போன் செய்தால் சரி. அவர் போனில் கேக் படங்களைக் காட்டிக்கொண்டு மேஜை மேஜையாகப் போவது வேண்டாம். பயந்த மனிதர் என்கிறீர்கள், எப்படியும் போக மாட்டார்.

முந்திரி குக்கீஸ், டீ கேக் செய்து பண்ருட்டியில் இரண்டு கடைகளுக்குப் போடப்போகிறேன். பாக்கெட்டில் என்னென்ன எழுத வேண்டும்? டீ கேக்கில் முட்டை இருக்கிறது, பச்சைப் புள்ளி போடலாமா? முட்டை சைவம்தான் என்கிறார் கடைக்காரர்.
– முந்திரிக்காரி, பண்ருட்டி

கடைக்காரர் வீட்டில் எது சைவம் என்பது அவர் விருப்பம். லேபிளில் முட்டை அசைவம்தான், பால், பால் பொருள், தேன் மாதிரி சிலவற்றுக்குத்தான் அந்தக் கணக்கில் விலக்கு. டீ கேக்குக்குப் பழுப்பு நிறச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் போட வேண்டும். முன்பு இது வட்டமாக இருந்தது, 2020 லேபிள் விதிகளில் முக்கோணமாக மாற்றினார்கள், நிறம் சரியாகத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று. அச்சகத்தில் பழைய டிசைன் வைத்திருப்பார்கள், அப்படியே அடித்துக் கொடுத்துவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள். அசைவம் என்று போட்டால் விற்காதே என்ற கவலை வேண்டாம், முட்டை மட்டுமே சேர்ந்திருந்தால் குறிக்குப் பக்கத்தில் 'முட்டை மட்டும் சேர்த்தது' என்று எழுதிக்கொள்ள விதியிலேயே இடம் இருக்கிறது. முட்டை சேர்க்காத குக்கீஸுக்குப் பச்சை.

ஆர்டருக்குச் செய்து நேரில் கொடுக்கும் பிறந்தநாள் கேக் வேறு, பாக்கெட்டில் அடைத்துக் கடையில் தொங்கும் குக்கீஸ் வேறு. கடைக்குப் போகிறதென்றால் லேபிள் முழுதாக இருக்க வேண்டும். பொருளின் பெயர், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பது, எடை அதிகமானதிலிருந்து வரிசையாக, ஊட்டச்சத்து விவரம், நிகர எடை, பேட்ச் எண், செய்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், உங்கள் பெயர், முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னமும் எண்ணும். இதோடு எம்.ஆர்.பி., புகார் சொல்ல ஒரு போன் நம்பர், இவை எடையளவுச் சட்டத்தின் பொட்டல விதிகளில் வருகின்றன. அது தனித் துறை, தனி அபராதம்.

உங்களுக்கு முக்கியமாக ஒன்று: ஒவ்வாமை. 'கோதுமை, பால், முந்திரி உள்ளது' என்று தனியாகத் தெரிகிற மாதிரி எழுதுங்கள். பண்ருட்டியில் முந்திரிக்கு எச்சரிக்கையா என்று சிரிப்பார்கள். உங்கள் பாக்கெட் யாராவது ஒருவர் பையில் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும், அங்கே முந்திரி பட்டாலே தொண்டை வீங்கும் ஒரு குழந்தை இருக்கலாம். அதே மேடையில் அதே சல்லடையில் செய்தால் முந்திரி போடாத டீ கேக்கிலும் 'முந்திரித் துணுக்கு இருக்கலாம்' என்று போட்டுவிடுங்கள்.

எடையைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். சூட்டோடு நிறுத்து 200 கிராம் என்று ஒட்டினால், ஆறும்போது ஈரம் போய்க் குறையும். ஆறியபிறகு நிறுக்க வேண்டும், நாலு கிராம் கூடவே போட வேண்டும். தப்பான லேபிளுக்கு அபராதம் 3 லட்சம் வரை போகலாம் என்கிறது உணவுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. சின்ன வியாபாரிக்கு அவ்வளவும் போடுவார்கள் என்று நான் சொல்லவில்லை, ஸ்டிக்கருக்கு ஆகும் செலவைக் கஞ்சத்தனப்பட வேண்டாம் என்கிறேன்.

கேழ்வரகு, கருப்பட்டி சேர்த்துக் கேக் செய்கிறேன். வெள்ளைச் சர்க்கரை துளியும் கிடையாது. 'சுகர் ஃப்ரீ, சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது' என்று போஸ்டர் அடிக்கலாமா?
– வில்லியனூர்

வேண்டவே வேண்டாம். கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான், நிறமும் மணமும் வேறு. சுகர் ஃப்ரீ என்று எழுத வேண்டுமானால் 100 கிராமில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் கேக்கில் ஒரு துண்டிலேயே அதைப்போலப் பல மடங்கு இருக்கும். சட்டம் ஒரு பக்கம் கிடக்கட்டும், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் என்பதும் கிடக்கட்டும். உங்கள் போஸ்டரை நம்பி ஒரு பெரியவர் நாலு துண்டு சாப்பிட்டுவிட்டு மறுநாள் ரத்தப் பரிசோதனைக்குப் போவார். 'கருப்பட்டி கேழ்வரகு கேக், வெள்ளைச் சர்க்கரை சேர்க்காதது' என்று உள்ளதை எழுதுங்கள், அதுவே நன்றாக விற்கும்.

க்ரீம் விஷயமும் இப்படித்தான். பெரும்பாலான விப்பிங் க்ரீம் டப்பாக்களில் இருப்பது தாவரக் கொழுப்பு. டப்பாவைத் திருப்பிப் படித்துப் பார்த்து, பால் க்ரீம்தான் என்றால் மட்டும் 'ஃப்ரெஷ் க்ரீம்' என்று எழுதுங்கள்.

வீட்டு கேஸ் சிலிண்டரில் செய்யலாமா? மின்சாரம் வீட்டு இணைப்பே போதுமா?
– செம்மண்டலம்

14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும். தொழிலுக்கு 19 கிலோ நீலச் சிலிண்டர்தான். ஓ.டி.ஜி. என்ற மின்சார அவன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதை 16 ஆம்பியர் பிளக்கில் போடுங்கள், மிக்ஸி பிளக்கில் எக்ஸ்டென்ஷன் இழுத்துப் போடாதீர்கள், பிளக் கருகிப்போகும். மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்திலேயே தொடரலாமா என்பதை உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய அவன் வாங்கும் எண்ணம் இருந்தால், வாங்கும் முன்னால் கேளுங்கள், வாங்கிய பிறகு இல்லை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும்.

ரெட் வெல்வெட்டுக்குக் கலர் போடாமல் முடியாது. பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டார்களே, கேக்குக்கும் வருமா?
– முத்தியால்பேட்டை

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும், சில நாளில் தமிழ்நாட்டிலும் தடை போட்டதற்குக் காரணம் கலர் போட்டது இல்லை, ரோடமின்-பி என்ற துணிச் சாயத்தைப் போட்டது. உணவுக்கு அனுமதித்த செயற்கை நிறங்கள் எட்டு இருக்கின்றன: சிவப்பில் கார்மோசின், பான்சோ 4ஆர், எரித்ரோசின், மஞ்சளில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, நீலத்தில் இண்டிகோ கார்மைன், பிரில்லியன்ட் புளூ, பச்சையில் ஃபாஸ்ட் கிரீன். உங்கள் புட்டியில் இந்தப் பெயர்களில் ஒன்றும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும் இருக்க வேண்டும். மார்க்கெட்டில் பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கும் கலர் பொடியைத் தொடாதீர்கள். அளவும் முக்கியம், ஒரு கிலோ உணவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்சம். படத்தில் பார்க்கிற ரத்தச் சிவப்பு வேண்டும் என்று வாடிக்கையாளர் அடம்பிடித்தால், கொஞ்சம் மங்கலாகத்தான் வரும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கிறிஸ்துமஸுக்குப் பிளம் கேக் செய்யப்போகிறேன். பழங்களை ரம்மில் ஊறவைத்தால்தான் அந்த மணம் வரும். புதுச்சேரியில் ரம் விலை குறைவு, ஒரு பாட்டில் வாங்கி வரலாமா? கூடவே வீட்டில் திராட்சை ஒயினும் செய்து கேக்கோடு விற்கலாம் என்று ஆசை.
– கடலூர் முதுநகர்

ஒயினை முதலில் மறந்துவிடுங்கள். மதுவிலக்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் செய்து விற்பது குற்றம், வீட்டு ஒயின், கிறிஸ்துமஸ் ஒயின் என்றெல்லாம் விலக்கு கிடையாது. புதுச்சேரி ரம்மும் அப்படியே. அனுமதியில்லாமல் அங்கிருந்து மது பாட்டில் கொண்டுவந்தால் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் 'கேக்குக்குத்தான் சார்' என்று சொல்லிப் பாருங்கள், அந்தப் போலீஸ்காரர் அன்றைக்கு அதைப் பத்தாவது ஆளிடம் கேட்டுக்கொண்டிருப்பார்.

பழத்தை ஆரஞ்சுச் சாறிலோ கருப்புத் திராட்சைச் சாறிலோ ஊறவையுங்கள். சாறைப் பட்டை, கிராம்பு, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் சேர்த்துப் பாதியாகச் சுண்டவைத்து, சூடாக இருக்கும்போதே உலர்பழத்தின் மேல் ஊற்றி மூடி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ரம்மில் போட்டது மாதிரி மாதக்கணக்கில் வெளியில் வைக்க முடியாது, கெட்டுவிடும், அதனால் ஆர்டர் கணக்கைப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று நாள் முன்னால் ஊறவைத்தால் போதும். கேக்கும் ரம் கேக் போல நாள்பட நிற்காது, லேபிளில் தேதியைக் குறைத்தே போடுங்கள். ஒரு லாபமும் இருக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் யோசிக்காமல் கொடுக்கலாம். 'ரம் இல்லாதது' என்று பெரிதாகவே எழுதி ஒட்டுங்கள், அதற்கென்றே கேட்டு வாங்குகிறவர்கள் நிறைய. கடலூரில் டிசம்பர் என்றால் மழையும் புயலும்தான், அதனால் மைதா, உலர்பழம், பெட்டி எல்லாம் நவம்பருக்குள் வாங்கிப் போட்டுவிட்டு, மின்சாரம் போனால் யார் வீட்டு ஜெனரேட்டர் என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.